நீந்தத் தெரியாத காக்ஸன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். இங்கிலாந்தில் குரோமர் என்ற கடலோர ஊரில் நண்டு பிடித்துப் பிழைத்த ஹென்றி பிளாக் என்பவர், ஊரின் உயிர்காப்புப் படகில் 53 வருடம் தொண்டராகப் போய்வந்து 873 பேரைக் காப்பாற்றினார், ஆனால் அவருக்கு நீச்சலே தெரியாது என்று. அந்த நாலு வரிக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே கொடுத்துவிடுவதுதான் சரி என்று படுகிறது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருக்கிறீர்கள், அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அவரை 'காக்ஸன்' என்று எழுதியிருந்தீர்கள். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி படகுக்குக் காக்ஸனா?

பதில்: பொறுப்பில் கேப்டன் மாதிரிதான், மற்றபடி நிறைய வித்தியாசம் உண்டு. கேப்டனுக்குக் கீழே இருப்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். காக்ஸனின் படகில் இருப்பவர்கள் அவர் தெருக்காரர்கள், கூட மீன்பிடிப்பவர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஆபத்து என்று தகவல் வந்ததும் ஓடிவந்து ஏறுவார்கள். ஏறிய பிறகு காக்ஸன் வைத்ததுதான் சட்டம். சுக்கான் அவர் கையில் இருக்கும். உடைந்த கப்பலை எந்தப் பக்கமாக நெருங்குவது, எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்பது, எப்போது விலகுவது என்று அந்த இரைச்சலில், யாரையும் கேட்காமல், நொடியில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

பிளாக் 1876 பிப்ரவரி 6 அன்று குரோமரில் பிறந்தவர். நார்ஃபோக் பகுதியின் வடக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நண்டுப் படகில் ஏறிவிட்டார். 1894-இல், 18 வயதில், உயிர்காப்புப் படகுக் குழுவில் சேர்ந்தார். 1902-இல் இரண்டாம் காக்ஸன், 1909-இல் காக்ஸன். 1947-இல் விலகும்போது வயது 71. இடையில் 387 மீட்புகள். இவ்வளவும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற அமைப்பின் கீழ் நடந்தது. சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. என்பார்கள். சர் வில்லியம் ஹில்லரி 1824-இல் தொடங்கிய அறக்கட்டளை அது. அரசுத் துறை இல்லை, மக்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுவது, இன்றைக்கும் அப்படித்தான்.

கேள்வி: கடலிலேயே வாழ்ந்தவருக்கு நீந்தத் தெரியாது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கதைக்குச் சுவை சேர்க்கச் சொன்னதா?

பதில்: இல்லை, உண்மைதான். அந்தக் காலத்து வட கடல் மீனவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நிறையப் பேர். அந்தக் கடலின் குளிரை நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் தண்ணீருக்குள் விழுந்தவுடன் மூச்சு தன்னிச்சையாக வாங்கும், வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், கொஞ்ச நிமிடத்தில் கை கால் விறைத்துவிடும். தொடை வரை வரும் பூட்ஸும் கனத்த கம்பளி உடுப்பும் மழைக்கோட்டும் போட்டிருப்பவருக்கு அங்கே நீச்சல் தெரிந்து என்ன ஆகப்போகிறது? உடம்பை மிதக்க வைக்க ஒன்று வேண்டும், தூக்கிப்போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் தக்கை அங்கி பெரிய விஷயமாக இருந்தது. ஆர்.என்.எல்.ஐ.யின் ஆய்வாளராக இருந்த கேப்டன் வார்டு 1854-இல் அதை வடிவமைத்தார். தக்கைக் கட்டைகளைத் துணியில் வரிசையாகத் தைத்த முரட்டு அங்கி. துடுப்பு வலிக்க இடைஞ்சல் என்று ஆரம்பத்தில் பலர் போட்டுக்கொள்ளவில்லை. 1861 பிப்ரவரியில் விட்பி என்ற ஊரின் படகு கவிழ்ந்து, அதில் இருந்த 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான், அந்தப் புது அங்கியைப் போட்டிருந்தவரும் அவர் ஒருவர்தான். பின்னாளில் அவரே விட்பியின் காக்ஸன் ஆனார். நூறு பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு நாள் செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமைப்பைத் தொடங்கிய ஹில்லரிக்கும் நீச்சல் தெரியாது. 1830-இல், அறுபது வயதை ஒட்டி, அவரே படகில் போய், கடலில் விழுந்து, விலா எலும்பு முறிந்து, அப்படியும் 22 பேரோடு கரைக்கு வந்தார்.

கேள்வி: சம்பளமே இல்லையா? இல்லையென்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?

பதில்: ஒவ்வொரு தடவை போய்வந்ததற்கும் சிறு தொகை கொடுப்பார்கள், காக்ஸனுக்கு ஆண்டுக்கு ஏதோ கொஞ்சம். அதை நம்பி அடுப்பெரியாது. பிழைப்பு நண்டும் மீனும்தான். கோடையில் ஊருக்குக் காற்று வாங்க வருபவர்களுக்குக் கடற்கரையில் சாய்வு நாற்காலியும், உடை மாற்றும் கூடாரமும் வாடகைக்கு விட்டார். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். நாற்காலி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகும் அந்த அமைதியான மனிதர் நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கங்களை வாங்கியவர் என்பது வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! அவராக வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஆளும் இல்லை. குடி இல்லை, புகை இல்லை, தன்னைப் பற்றிப் பேச்சும் இல்லை. வீட்டில் பெரிய துக்கங்கள் இருந்தன. பெற்ற இரண்டு பிள்ளைகளையும் தன் கண்முன்னே பறிகொடுத்தார். அதைப் பற்றியும் வெளியே பேசியவர் இல்லை.

அழைப்பு வருவது வெடிச் சத்தத்தில். வானத்தில் வெடிக்கும் ராக்கெட்டை விடுவார்கள். அது காதில் விழுந்தால் வலையில் இருப்பவர் வலையை விட்டு, சாப்பிடுகிறவர் தட்டை விட்டு ஓட வேண்டியதுதான்.

கேள்வி: அவருடைய மீட்புகளில் ஒன்றே ஒன்றை விரிவாகச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 1917 ஜனவரி 9. யோசிக்கவே மாட்டேன்.

முதல் உலகப் போர் நடக்கும் சமயம். ஊர் இளைஞர்கள் எல்லாம் போர்முனையில். படகில் ஏற மிஞ்சியிருந்தது வயதானவர்கள், சராசரி வயதே ஐம்பதுக்கு மேல். படகின் பெயர் லூயிசா ஹார்ட்வெல். எஞ்சின் கிடையாது, 14 துடுப்பும் பாயும்தான். அதைக் கரையிலிருந்து கடலில் இறக்குவதே தனிப் போராட்டம், ஊர்க்காரர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தள்ளியும் கயிறு பிடித்து இழுத்தும் அனுப்ப வேண்டும். அன்றைக்கு வடகிழக்கிலிருந்து புயல் நேரே கரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

பைரின் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு வந்தது. கிழவர்கள் துடுப்பு வலித்துப் போனார்கள். மணிக்கணக்கில் போராடி அதிலிருந்த 16 பேரையும் கொண்டுவந்துவிட்டார்கள். கரைக்கு வந்தவர்களால் நிற்கக்கூட முடியவில்லை. அதோடு முடிந்திருந்தாலே அது பெரிய மீட்புதான்.

அப்புறம் ஃபெர்னபோ என்ற ஸ்வீடன் நாட்டுச் சரக்குக் கப்பலின் சேதி வந்தது. கண்ணிவெடியில் சிக்கி இரண்டாகப் பிளந்துபோன கப்பல். அதிலிருந்து ஆறு பேர் சிறு படகில் தப்பி வந்தார்கள். படகு கரைக்கு அருகில் கவிழ்ந்துவிட, கடற்கரையில் நின்றவர்கள் கையைக் கோத்து அலைக்குள் இறங்கி அவர்களை இழுத்துப் போட்டார்கள். மிச்சப் பேர் கப்பலின் ஒரு பாதியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதி மிதந்து வந்து கரையை ஒட்டித் தரைதட்டியது. கரையிலிருந்து ராக்கெட்டில் கயிறு விட்டுப் பார்த்தார்கள், காற்றில் அது போய்ச் சேரவில்லை.

பிளாக் மறுபடியும் போகலாம் என்றார். காலையிலிருந்து பிழிந்து போட்ட மாதிரி கிடந்த அதே ஆட்கள், ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. இருட்டில், தேடுவிளக்கு வெளிச்சத்தில் இறக்கினார்கள். அரை மணி நேரம் அலையோடு மல்லுக்கட்டியும் படகைக் கடல் தூக்கிக் கரையில் எறிந்தது. துடுப்புகள் ஒடிந்தன, சில அலையோடு போயின. வேறு துடுப்புகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு திரும்பவும் போனார்கள். இந்த முறை போய்ச் சேர்ந்தார்கள், 11 பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பிளாக்குக்கு அமைப்பின் தங்கப் பதக்கம். கூடப் போனவர்களில் பெரும்பாலோருக்கு வெண்கலம். ஆர்.என்.எல்.ஐ. வெண்கலப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியதே 1917-இல்தான். எல்லோரும் பிளாக்கைச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்கு அந்தக் கிழவர்களின் கைகள்தான் நினைவில் நிற்கின்றன. ஒடிந்த துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த துடுப்புக்கு நீண்ட கைகள்.

கேள்வி: தங்கப் பதக்கம் மூன்று வாங்கினாராமே, மற்ற இரண்டும் எதற்கு?

பதில்: மூன்று தங்கம், நான்கு வெள்ளி. அமைப்பின் வரலாற்றில் இவ்வளவு வாங்கியவர் வேறு யாரும் இல்லை. இது போக 1924-இல் கிடைத்த எம்பயர் கேலன்ட்ரி பதக்கம் பிற்பாடு ஜார்ஜ் கிராஸாக மாற்றித் தரப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அந்நாட்டில் அதற்கு மேல் விருது கிடையாது.

இரண்டாவது தங்கம் 1927 நவம்பரில். ஜார்ஜியா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் ஹேஸ்பரோ மணல்திட்டில் மோதி இரண்டாக உடைந்தது. குரோமருக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் மைல் கணக்கில் நீளும் திட்டு அது. ஆழக் கடலில் பெரிய அலைகூடப் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். ஆழம் குறைந்த திட்டின் மேல் வந்தால் அதே அலை எழும்பி, மடிந்து, சுவர் இடிந்து விழுவதைப் போல விழும். கப்பல்கள் சிக்குவதும் அங்கேதான், படகு நெருங்க முடியாத இடமும் அதுதான். அந்தத் தடவை பிளாக்கின் படகு 15 பேரைக் காப்பாற்றியது. இந்த நேரத்தில் குரோமருக்கு எஞ்சின் வைத்த படகு வந்திருந்தது, பெயர் எச்.எஃப். பெய்லி.

மூன்றாவது, 1941 ஆகஸ்ட் 6. இரண்டாம் உலகப் போர். விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போன சரக்குக் கப்பல்களில் ஆறு, புயலில் வழிதவறி, அதே ஹேஸ்பரோ திட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஏறிவிட்டன. மாலுமிகள் பலர் படகுகள் வருவதற்கு முன்பே கடலோடு போய்விட்டார்கள். பிளாக் போய்ப் பார்த்தபோது ஆக்ஸ்ஷாட் என்ற கப்பல் கிட்டத்தட்ட முழுகியிருக்கிறது, மேலே தெரிந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு 16 பேர் தொங்குகிறார்கள். கயிறு கட்ட ஓர் இடம் இல்லை. கப்பலின் இரும்பு உடம்பில் ஒரு பெரிய பிளவு மட்டும் தெரிந்தது. பிளாக் என்ன செய்தார் தெரியுமா? தன் படகின் முனையைக் கொண்டுபோய் அந்தப் பிளவுக்குள் செருகி, எஞ்சினை முன்னோக்கி ஓடவிட்டு அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். கிழிந்த இரும்புத் தகடு, மரப் படகு, மேலே வந்து விழும் அலை. அந்த நிலையில் 16 பேரும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று போய், அன்றைக்கு அவர் படகு மட்டும் 88 பேரைக் காப்பாற்றியது. அப்போது அவருக்கு வயது 65.

கேள்வி: தவறாக நினைக்க வேண்டாம். இப்படிப் போவது வீரமா, வெறும் முரட்டுத் துணிச்சலா? தன் உயிர் போனால் போகட்டும், கூட வருகிறவர்களின் உயிரை வைத்து விளையாட அவருக்கு என்ன உரிமை?

பதில்: தவறாக நினைக்கவில்லை. வந்த கடிதங்களில் உங்கள் கேள்வியைத்தான் அதிக நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சம்பவம். 1933 டிசம்பர் 13. சீபாய் என்ற பாய்மரச் சரக்குப் படகு குரோமர் கரைக்குப் பக்கத்திலேயே தரைதட்டி முழுகிவிட்டது, இரண்டு பேர் பாய்க்கயிறுகளில் ஏறித் தொங்குகிறார்கள். கரையில் ஊரே நின்று பார்க்கிறது. பிளாக்கின் படகு வேறோர் இடத்துக்குப் போயிருந்தது, திரும்பி வந்து சேர்ந்தது. அலை காரணமாகப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அவர் ஓர் அலையைப் பார்த்து, அதன் மேலேயே தன் படகை ஏற்றி, முழுகிக் கிடந்த சீபாயின் தளத்தின் மீதே கொண்டுபோய் வைத்தார். ஒருவரைப் பிடித்து இழுத்தார்கள், அலை படகைப் பின்னால் தள்ளிவிட்டது. மறுபடி அதே மாதிரி ஏற்றினார், இரண்டாமவரும் கிடைத்தார். அதற்குள் படகில் சேதம், எரிபொருளும் தீர்ந்துகொண்டிருக்கிறது. நேராகக் கரைமணலில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்த இடத்து ஆழம், அந்த நேரத்து ஓதம், எந்த அலைக்குப் பின்னால் கொஞ்சம் தணியும், தன் படகின் அடிமரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் எடுத்த முடிவு அது. தினமும் நண்டுக்கூடு போட்டு எடுக்கிற கடல். படம் வரைந்து வைத்த மாதிரி மனதில் இருந்திருக்கும். துணிச்சல் மட்டும் இருந்த ஆளாக இருந்தால் 53 வருடம் தாண்டியிருக்க மாட்டார், கூட வந்தவர்களும் இரண்டாம் தடவை வந்திருக்க மாட்டார்கள். உரிமை என்று கேட்டீர்கள் அல்லவா, அதை அவர்கள்தான் கொடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும், படகில் ஏறுவதன் மூலம். ஏறியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி அதோடு தீரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1941 அக்டோபர் 26. ஆகஸ்ட் மீட்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இங்கிலிஷ் டிரேடர் என்ற கப்பல் ஹேமண்ட்ஸ் நோல் என்ற திட்டில் மாட்டியிருந்தது. குரோமரிலிருந்து 20 மைலுக்கும் அதிகம். ஐந்து பேரை ஏற்கெனவே அலை கொண்டுபோய்விட்டது, மீதி 44 பேர். நெருங்கும்போது மலை மாதிரி ஓர் அலை படகை அப்படியே பக்கவாட்டில் சாய்த்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் முழுக்கவே கவிழ்ந்திருக்கும். பிளாக் உட்பட ஐந்து பேர் கடலில். படகில் மிஞ்சியவர்கள் சுக்கானைப் பிடித்து, திருப்பி, ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கடைசியாகக் கிடைத்தவர் வால்டர் ஆலன். தூக்கிப் படகில் போட்ட பிறகு இறந்துபோனார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாது என்று பிளாக் முடிவெடுத்தார். கப்பலில் 44 பேர் பார்த்துக்கொண்டிருக்க, படகைத் திருப்பி யார்மத் துறைமுகத்துக்குப் போனார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே கடினமான முடிவு அந்தத் திரும்புதல்தான். முந்தைய மீட்புகளில் பின்வாங்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்திருந்த மனிதர், தன் படகின் நிலையைப் பார்த்து, தன் ஆட்களைப் பார்த்து, போதும் என்று சொன்னார். இரவு துறைமுகத்தில். விடிவதற்கு முன்பே மறுபடி புறப்பட்டார்கள், அதே குழு, ஆலன் மட்டும் இல்லை. கடல் தணிந்திருந்தது. 44 பேரும் உயிரோடு இருந்தார்கள், 44 பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இதற்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

ஆலன் இறந்ததற்குப் பிளாக் பொறுப்பா? ஆம், படகில் நடப்பது எல்லாவற்றுக்கும் காக்ஸன்தான் பொறுப்பு, அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கனத்தோடு மறுநாள் காலை அதே ஆட்களை அதே இடத்துக்குக் கூட்டிப் போனார் என்பதும், அவர்கள் போனார்கள் என்பதும்தான் உங்களுக்கு என் பதில்.

கேள்வி: ஒரு தாயாகக் கேட்கிறேன். வீட்டில் இருந்தவர்கள் எப்படி அனுப்பினார்கள்? ஒரே வீட்டிலிருந்து அப்பாவும் மகனும் போனதுண்டா?

பதில்: போனதுண்டு அம்மா, நிறையவே. 1936 பிப்ரவரியில் அயர்லாந்தின் பாலிகாட்டன் என்ற ஊர்ப் படகு, நங்கூரம் அறுந்த ஒரு விளக்குக் கப்பலைக் (கலங்கரை விளக்கம் மாதிரி ஓரிடத்தில் நின்று வழிகாட்டும் கப்பல்) காப்பாற்றப் போனது. காக்ஸன் பேட்ரிக் ஸ்லைனி. அவருடைய மகனும் சகோதரர்களும் அதே படகில் இருந்தார்கள். கடலில் மட்டும் 49 மணி நேரம், நடுவில் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடே இல்லை. கடைசியில் திரும்பத் திரும்பப் பக்கத்தில் போய் எட்டுப் பேரையும் எடுத்தார்கள். அதில் இரண்டு பேர் குதிக்கத் தெம்பில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதால், படகுக்காரர்களே அவர்களைப் பிய்த்து இழுத்துப் போட வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 1981 டிசம்பர் 19, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் மவுஸ்ஹோல் என்ற சிற்றூர். அங்கே இருந்த பென்லீ நிலையத்தின் காக்ஸன் ட்ரெவல்யன் ரிச்சர்ட்ஸ். யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல், முதல் பயணத்திலேயே எஞ்சின் நின்றுபோய்ப் பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. உள்ளே எட்டுப் பேர், கேப்டனின் மனைவியும் இரண்டு இளம் பெண்களும் அதில் அடக்கம். ஹெலிகாப்டர் வந்து பார்த்து, அந்தக் காற்றில் ஒருவரையும் தூக்க முடியாமல் தவித்தது. சாலமன் பிரவுன் என்ற மரப்படகில் போக ஆட்கள் ஓடிவந்தபோது, அப்பா ஏற்கெனவே குழுவில் இருந்ததால் ஓர் இளைஞரை ரிச்சர்ட்ஸ் ஏற்றிக்கொள்ளவில்லை. இந்த மாதிரி இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம் என்றார். தன்னோடு சேர்த்து எட்டுப் பேரோடு போனார். நான்கு பேரைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று ரேடியோவில் தகவல் வந்தது. மீதிப் பேருக்காக மறுபடி போனார்கள். அதற்குப் பிறகு தகவல் வரவில்லை. இரண்டிலும் இருந்த 16 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த இளைஞர் பின்னாளில் அதே நிலையத்தின் காக்ஸன் ஆனார். எட்டுப் பேரைப் பறிகொடுத்த அந்த ஊர், ஒரே நாளில் புதுக் குழுவுக்குத் தேவையான ஆட்களைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டீர்கள். என்னால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

கேள்வி: பெண்களுக்கு இதில் இடமே இல்லையா?

பதில்: அன்றைக்குப் படகில் ஏற்றமாட்டார்கள். ஆனால் பல ஊர்களில் படகைக் கடலில் இறக்கியதே பெண்கள்தான். டஞ்சனஸ் என்ற இடத்தில் கூழாங்கல் கரையில் கனத்த மரப்பலகைகளைத் தூக்கிப் போட்டு அதன் மேல் படகைச் சறுக்கவிட்டவர்கள் அந்த மீனவக் குடும்பப் பெண்கள், பல தலைமுறையாக. பதக்கப் பட்டியல்களில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, அது எனக்கு வருத்தம்தான். இப்போது பெண்கள் குழுவில் இருக்கிறார்கள், காக்ஸனாகவும் இருக்கிறார்கள்.

கேள்வி: பிளாக் ஒரு நாயையும் காப்பாற்றினாராமே?

பதில்: ஆமாம்! 1932-இல் மான்டே நெவோசோ என்ற இத்தாலியக் கப்பல் திட்டில் மாட்டியது. ஆட்களை எடுத்த பிறகு கப்பலில் ஒரு நாய் மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் கூட்டிவந்து, கப்பல் பெயரில் மான்டே என்று கூப்பிட்டுத் தானே வளர்த்தார். ஆட்களை எடுத்ததற்கு வெள்ளிப் பதக்கம் தனி.

கேள்வி: இந்த ஹெலிகாப்டர், செயற்கைக்கோள் காலத்திலும் தொண்டர்கள் தேவையா?

பதில்: தேவை. ஹெலிகாப்டரால் முடியாத இரவு எப்படியிருக்கும் என்பதைப் பென்லீயில் பார்த்தோம். இன்றைய படகுகள் கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும், மணிக்கு 25 கடல் மைல் வேகம் போகும், ராக்கெட் வெடிக்குப் பதில் பேஜர் வந்துவிட்டது. சில நிலையங்களில் காக்ஸனும் மெக்கானிக்கும் முழுநேர ஊழியர்கள். ஆனால் ஆர்.என்.எல்.ஐ.யின் பெரும்பான்மை ஆட்கள் இப்போதும் தொண்டர்கள்தான். ஒரே பெரிய மாற்றம், மீனவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆசிரியர், கடைக்காரர், தச்சர் என்று கடலோடு தொழில்தொடர்பு இல்லாதவர்கள்தான் அதிகம் சேருகிறார்கள். அதனால் பிளாக்குக்கு நண்டுப் படகு சொல்லிக்கொடுத்ததை இவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பூல் நகரத்தில் இருக்கும் அவர்களுடைய கல்லூரியில், பெரிய குளத்தில் செயற்கை அலையும் இருட்டும் உண்டாக்கி, கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளியே வரப் பழக்குகிறார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆனார்? அவர் படகைப் பார்க்க முடியுமா?

பதில்: 1947-இல் சுக்கானை மருமகன் முறையாகும் ஹென்றி டேவிஸிடம் கொடுத்தார். டேவிஸ் 1976 வரை காக்ஸனாக இருந்தார், அதாவது மாமாவும் மருமகனுமாக 67 வருடம் அந்த ஒரு படகுத்துறையைப் பார்த்துக்கொண்டார்கள். பிளாக் இருக்கும்போதே குரோமரின் புதுப் படகுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1954 ஜூன் 13 அன்று, 78 வயதில் காலமானார். ஊரில் கடலைப் பார்த்தபடி அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

படகைத் தாராளமாகப் பார்க்கலாம். குரோமர் கடற்கரையில் அவர் பெயரிலேயே ஆர்.என்.எல்.ஐ. அருங்காட்சியகம் நடத்துகிறது, 1941-இல் அந்த இரண்டு மீட்புகளுக்கும் போன எச்.எஃப். பெய்லி அங்கேதான் நிற்கிறது. போகிறவர்கள் அப்படியே கடலுக்குள் நீளும் பாலத்தின் கடைசி வரை நடந்து போங்கள். இப்போதைய படகின் கொட்டகை அங்கே இருக்கிறது, தொண்டர்கள் யாராவது இருந்தால் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள்.